மருந்துண்போர் வாய்மொழியும் மருத்துவச் சான்றும்: மனச்சோர்வு மருந்துகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு மருந்தின் வரலாற்றை இருவகையாக எழுதலாம். ஆய்வுகூடத்தில் அது தோன்றியவாற்றையும் சந்தையை அடைந்தவாற்றையும் கூறுவது ஒருவகை. அம்மருந்தை நாள்தோறும் விழுங்கியோர் தம் உடலிலும் உள்ளத்திலும் எவற்றை உணர்ந்தனர் என்பதைக் கூறுவது மற்றொரு வகை. முதலாவது வகை வரலாறு நிரம்ப எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது, நோயாளரின் தனிப்பட்ட பேச்சென்றும் முறைப்பாடென்றும் கருதப்பட்டு நெடுங்காலம் அறிவின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது.

மனச்சோர்வு நோய்க்கு வழங்கப்படும் மருந்துகளைப் பொறுத்தவரையில் இந்நிலை பெரிதும் முரண்பாடானது. குருதியமுக்கத்தை அளப்பதற்குக் கருவி உண்டு. நீரிழிவை அறிவதற்குக் குருதிப் பரிசோதனை உண்டு. மனச்சோர்வு தணிந்ததா என்பதை அறிவதற்கோ நோயாளியின் சொல்லையும் நடத்தையையும் விட வேறு சான்று இன்றுவரை கிடைக்கவில்லை. மருந்து பயன் தந்தது என்று நோயாளி கூறும்போது அச்சொல் அளவுகோலாக ஏற்கப்பட்டது. மருந்து தன்னை வேறு விதமாகத் தாக்குகின்றது என்று அதே நோயாளி கூறியபோது அச்சொல் பல வேளைகளில் நோயின் குறியாகவே கொள்ளப்பட்டது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று, அதனால் விளைந்தவை யாவை, அது எவ்வளவு தூரம் திருத்தப்பட்டுள்ளது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றத்திலே நோயாளர்

மனச்சோர்வு மருந்துகளின் தோற்றம் தற்செயலானது. 1952 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகரின் ஸ்ரற்றன் தீவிலுள்ள சீ வியூ வைத்தியசாலையில் காசநோயாளருக்கு இப்புரோனியசிட் என்னும் புதிய மருந்து பரீட்சார்த்தமாகக் கொடுக்கப்பட்டது. படுக்கையிற் சோர்ந்து கிடந்தோர் எழுந்து நடமாடத் தொடங்கினர். பசியும் கலகலப்பும் மிகுந்தன. வைத்தியசாலை நடைகூடத்தில் அவர்கள் ஆடி மகிழும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. நுரையீரலுக்கென வந்த மருந்து மனநிலையை மாற்றுகின்றது என்பதனை அந்நோயாளரின் நடத்தையே முதலில் வெளிப்படுத்திற்று. 1957 இல் நேதன் கிளைன் என்னும் அமெரிக்க உளமருத்துவர் அதனை மனச்சோர்வுக்குரிய மருந்தாக முன்வைத்தார். ஆயினும் ஈரலைப் பாதிப்பதாகக் காணப்பட்டமையால் 1961 இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது.

இரண்டாவது கண்டுபிடிப்பு சுவிற்சர்லாந்தில் நிகழ்ந்தது. கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையிலுள்ள மியூன்ஸ்ரர்லிங்கன் உளநோய் வைத்தியசாலையில் பணிபுரிந்த றோலண்ட் கூன் என்பவர், கெய்கி என்னும் மருந்து நிறுவனம் அனுப்பிய ஒரு சேர்மத்தை 1956 இன் தொடக்கத்தில் மனச்சோர்வுடையோருக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவே பின்னர் இமிப்பிரமீன் எனப் பெயர் பெற்றது. 1957 செப்ரெம்பரில் சூரிச் நகரில் நடைபெற்ற உலக உளமருத்துவ மாநாட்டில் அவர் இதனை விளக்கியபோது கேட்டிருந்தோர் பத்துப் பன்னிரண்டு பேரே. கூன் புள்ளியிடும் அளவைகளை நாடியவரல்லர். நோயாளர் காலையில் தாமாகவே எழுந்தனர், உரத்தும் விரைந்தும் பேசினர், பிறருடன் கலந்து பழகினர், செய்தற்குரிய வேலையைத் தேடினர் என்றவாறான அவதானங்களே அவரது சான்றுகள். நோயாளருடன் நெடுநேரம் உரையாடும் ஒருவராலேயே இவற்றைக் கண்டிருக்க முடியும்.

இவ்வரலாற்றுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கூன் விட்டுச்சென்ற ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் குழுவொன்று 2019 இல் தன் முடிவுகளை வெளியிட்டது. பல தசாப்தங்களாக அவ்வைத்தியசாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்மீது எண்ணற்ற சேர்மங்கள் பரீட்சிக்கப்பட்டன என்பதும், பெரும்பாலோருக்கு உரிய விளக்கம் அளிக்கப்படவோ சம்மதம் பெறப்படவோ இல்லை என்பதும் அதனால் தெரியவந்தன. நோயாளரின் பேச்சை நுணுகிக் கேட்ட அதே இடத்தில் நோயாளரின் விருப்பம் கேட்கப்படவில்லை. கேட்கப்படுதல் என்பது கேள்வியை யார் எழுப்புகின்றார் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

2. ஒரு மருந்தாளரின் கடிதம்

இப்புரோனியசிட்டைத் தொடர்ந்து அதே வகையைச் சார்ந்த வேறு மருந்துகள் வழக்கிற்கு வந்தன. இவற்றை உட்கொண்டோரிற் சிலருக்கு இடையிடையே தாங்கொணாத தலைவலி ஏற்பட்டது; சிலர் மூளையிற் குருதி கசிந்து இறக்கவும் நேர்ந்தது. காரணம் புலப்படவில்லை. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் இளம் வைத்தியராயிருந்த பரி பிளக்வெல் இத்தகைய தலைவலி பற்றி மருத்துவ ஏடொன்றில் எழுதியிருந்தார். அதனைக் கண்ணுற்ற நொட்டிங்காம் நகர மருந்தாளர் ஒருவர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் மனைவிக்கும் இத்தகைய தலைவலி வந்ததென்றும், இரு தடவையும் அவர் சீஸ் எனப்படும் பாற்கட்டியை உண்டிருந்தார் என்றும் அதில் அவர் குறித்திருந்தார்.

ஒரு துண்டு பாற்கட்டி உயிருக்கு ஊறு செய்யும் என்பது முதலில் நகைப்புக்கிடமாகவே தோன்றிற்று. ஆயினும் பிளக்வெல் அதனைப் புறந்தள்ளாது தொடர்ந்து விசாரித்தார். பாதிப்புற்றோர் பலர் அவ்வுணவை உண்டிருந்தனர் என்பது புலனாகவே, 1963 இல் அவர் தமது ஆய்வினை வெளியிட்டார். முதிர்ந்த பாற்கட்டியில் ரைரமீன் என்னும் பொருள் செறிந்துள்ளது. சாதாரணமாகக் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதியம் அதனைச் சிதைத்துவிடும். அந்நொதியத்தையே இம்மருந்துகள் தடுத்துவிடுவதால் ரைரமீன் குருதியிற் கலந்து குருதியமுக்கத்தைத் திடீரென உயர்த்துகின்றது. இன்று மருந்தியல் மாணவர் யாவரும் கற்கும் இவ்வுண்மை, வீட்டுச் சமையலறையில் ஒரு கணவர் தம் மனைவியின் வேதனையை உற்றுநோக்கியமையிலிருந்து பிறந்ததாகும். அக்கடிதத்தை எழுதியவர் மருந்தாளராக இல்லாதிருந்தால் அது வாசிக்கப்பட்டிருக்குமா என்னும் வினா இங்கு எழுவது இயல்பே.

3. குளிசை விழுங்குதலின் பொருள்

மருந்துண்போர் அனுபவத்தை முறையாக ஆராயும் முயற்சியிற் சமூகவியலாளரின் பங்கு குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் பொஸ்ரன் கல்லூரிச் சமூகவியலாளரான டேவிட் கார்ப், தாமும் மனச்சோர்வால் நெடுங்காலம் வருந்தியவர். அந்நோயுடைய ஐம்பது பேரை நேர்கண்டு 1996 இல் அவர் வெளியிட்ட நூலில், மருந்துடனான உறவு நான்கு படிகளிற் செல்வதாக எடுத்துக்காட்டினார்.

முதலாவது படி எதிர்ப்பு. குளிசையை ஏற்பதென்பது தன்னை நோயாளியென ஏற்பதாகும். ஆகவே பலர் முதலில் மறுக்கின்றனர். இரண்டாவது, வேதனை மிகுந்தவிடத்துச் சிறிதுகாலத்துக்கெனப் பரீட்சித்துப் பார்க்க உடன்படுதல். மூன்றாவது, தம் நோய் மூளையின் இரசாயனக் கோளாறே என்னும் விளக்கத்தை ஏற்று நம்பிக்கையாளராக மாறுதல். நான்காவது, எதிர்பார்த்த விடுதலை முழுமையாகக் கிட்டாதபோது நம்பிக்கை தளர்தல். இந்நான்கு படிகளையும் எல்லோரும் இதே ஒழுங்கிற் கடப்பதில்லை. ஆயினும் குளிசை உடலுக்குள் ஓர் இரசாயன மாற்றத்தை ஏற்படுத்துவதுடன் நில்லாது, தான் யார் என்னும் வினாவுக்கு ஒருவர் அளிக்கும் விடையையும் மாற்றுகின்றது என்பது கார்ப்பின் ஆய்வினாற் புலப்பட்டது. இன்று நான் அமைதியாயிருப்பது என் இயல்பாலா மருந்தினாலா என்று ஐயுறுபவரின் இக்கட்டினை எந்தப் புள்ளியளவையும் காட்டாது.

மூன்றாவது படியிற் கூறப்பட்ட இரசாயன விளக்கம் தனியாகக் கவனிக்கத்தக்கது. 1987 இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுவொக்செற்றீன், புறோசாக் என்னும் வணிகப் பெயரில் உலகப் புகழ் பெற்றது. அதனையொத்த மருந்துகள் செரோட்டோனின் என்னும் பொருள் நரம்புக் கலத்தினால் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இதிலிருந்து, மனச்சோர்வு செரோட்டோனின் குறைபாட்டினால் ஏற்படுகின்றதென்ற எளிய கூற்று விளம்பரங்கள் மூலம் பரப்பப்பட்டது. பரசிற்றமோல் தலைவலியைத் தணிப்பதனால் தலைவலி பரசிற்றமோல் குறைபாட்டால் வருகின்றது என எவரும் கூறுவதில்லை. அக்கூற்றுக்குப் போதிய சான்றில்லை என 2022 இல் வெளிவந்த விரிவான மீளாய்வொன்று முடிவு செய்தது. மருந்து பயனற்றது என்பது இதன் பொருளன்று. மருந்து செயற்படும் விதம் பற்றி நோயாளருக்குச் சொல்லப்பட்ட கதை உண்மையிலும் எளிமையானது என்பதே இதன் பொருள்.

4. நலமும் மரப்பும்

மருந்துண்போர் கூற்றுக்களில் அடிக்கடி காணப்படுவது உணர்வு மரத்துப்போதலாகும். துயரம் குறைந்தது, ஆனால் மகிழ்ச்சியும் குறைந்தது. அழுகை வரவேண்டிய இடத்திலும் அழுகை வரவில்லை என்பர். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் 38 பேருடன் நடத்திய உரையாடல்களை அடிப்படையாகக் கொண்டு 2009 இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவுபடுத்திற்று. ஒரே மரப்புச் சிலருக்கு ஆறுதலாகவும் சிலருக்கு இழப்பாகவும் இருந்தது. ஓயாத வேதனையில் உழன்றவருக்கு உணர்வுகளின் கூர்மை மழுங்குதல் ஒரு புகலிடம். அதே நபருக்கு, நோய் தணிந்து தன் குழந்தையின் சிரிப்பில் பங்குகொள்ள முனையும் வேளையில், அது ஒரு கண்ணாடித் தடுப்பாகிவிடுகின்றது.

நியூசிலாந்தில் 1,829 பேரிடம் பெறப்பட்டு 2014 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், மருந்தினால் மனச்சோர்வு குறைந்தது என்றோர் ஏறத்தாழ 83 வீதத்தினர். அதே ஆய்வில் உணர்வு மரத்துப்போயிற்று என்றோர் 60 வீதத்தினர். பாலுறவு சார்ந்த இடர்ப்பாடு ஏற்பட்டது என்றோர் 62 வீதத்தினர். தாம் தாமாக இல்லாததுபோல் உணர்ந்ததாகக் கூறியோர் 52 வீதத்தினர். இவர்கள் தாமாக முன்வந்து விடையளித்தவர்கள் ஆதலால் இவ்வீதங்களை மருந்துண்போர் அனைவருக்கும் பொருத்துதல் தவறாகும். எனினும் ஒன்று தெளிவாகின்றது. பயன் பெற்றோர் ஒருசாராரும் பாதிப்புற்றோர் மறுசாராரும் எனப் பிரிந்து நிற்கவில்லை. பெரும்பாலும் அவர்கள் ஒரே மனிதர்களே.

5. செறொக்சாற் விவகாரம்

நோயாளர் வாய்மொழிக்கும் நிறுவன அறிவுக்கும் இடையிலான மோதல் வெளிப்படையாக நிகழ்ந்த களம் பிரித்தானியா. பறொக்செற்றீன் என்னும் மருந்து அங்கு 1991 முதல் செறொக்சாற் என்ற பெயரில் விற்கப்பட்டது. அதனுடன் வழங்கப்பட்ட துண்டுப்பிரசுரத்தில் இக்குளிசை அடிமைப்படுத்துவதன்று என்னும் உறுதிமொழி காணப்பட்டது. நிறுத்த முயன்ற பலரோ தலைச்சுற்று, குமட்டல், கொடுங்கனவு, இனம்புரியாத பதற்றம் ஆகியவற்றுடன் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற விசித்திர உணர்வொன்றையும் கூறினர். நோய் மீளத் தலைகாட்டுகின்றது என்றே அவர்களிற் பலருக்குச் சொல்லப்பட்டது. மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டது.

2002 ஒக்ரோபரில் பி.பி.சி. தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சி இதனை ஆராய்ந்தது. அதன் பின்னர் நேயர்களிடமிருந்து 1,374 மின்னஞ்சல்கள் வந்தன. சாள்ஸ் மெடவார், அன்ட்றூ ஹேர்க்சைமர் முதலானோர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, வைத்தியர்கள் அரசின் மருந்துக் கண்காணிப்பு நிலையத்துக்கு அனுப்பியிருந்த அறிக்கைகளுடன் ஒப்புநோக்கினர். நோயாளர் எழுத்துக்கள் செறிவும் தெளிவும் மிக்கனவாக இருந்தன. வைத்தியர் அறிக்கைகளிலோ, முன்வகுத்த கலைச்சொற் பட்டியலுக்குள் அடக்கப்பட்டமையால், குறிப்பான அனுபவம் கரைந்து போயிருந்தது. தலைக்குள் மின்னதிர்ச்சி என்று நோயாளி கூறியது கலைச்சொல்லாக மாறும்போது பொதுவான ஓர் உணர்ச்சிப் பிறழ்வாகச் சுருங்கிவிடும். பட்டியலில் இடமில்லாத அனுபவம் புள்ளிவிபரத்திலும் இடம்பெறாது. புள்ளிவிபரத்தில் இல்லாதது இல்லாததாகவே கருதப்படும்.

இதன் விளைவுகள் காலந்தாழ்த்தியேனும் வந்தன. 2003 இல் துண்டுப்பிரசுரத்திலிருந்து அவ்வுறுதிமொழி நீக்கப்பட்டது. அதே ஆண்டில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரின் மனச்சோர்வுக்கு இம்மருந்தைப் பயன்படுத்தலாகாது என அறிவுறுத்தப்பட்டது. 2005 அளவில், பிரித்தானியாவில் நோயாளர் தாமே மருந்தின் பாதகமான விளைவுகளை அரசுக்கு அறிவிக்கும் முறை நாடளாவியதாயிற்று. 2019 இல் பிரித்தானிய உளமருத்துவர் கல்லூரி, மருந்தை நிறுத்தும்போது சிலருக்குக் கடுமையானதும் நீடித்ததுமான துன்பம் ஏற்படலாம் என ஏற்றுக்கொண்டது. அதுவரை அது இலேசானது, ஓரிரு வாரங்களில் தானாக நீங்குவது என்பதே பொதுக்கருத்தாயிருந்தது.

இதனிடையே நோயாளர் வாளாவிருக்கவில்லை. குளிசையை அராவிச் சிறிதாக்கியும், கூட்டுக்குளிசையைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை எண்ணிக் குறைத்தும், திரவ மருந்தைத் துளிதுளியாகக் குறைத்தும் தமக்குள் ஒரு வழிமுறையை அவர்கள் வகுத்துக்கொண்டனர். இறுதிச் சிறு அளவுகளே மிகக் கடினம் என்றும் கூறினர். இது மனப்பிரமையென எண்ணப்பட்டது. 2019 இல் மார்க் ஹோறோவிற்ஸ், டேவிட் டெயிலர் ஆகியோர் எழுதிய கட்டுரை இதற்கு விளக்கமளித்தது. சிற்றலோபிராம் என்னும் மருந்தின் 20 மில்லிகிராம், மூளையில் அது பற்றும் இடங்களில் ஏறக்குறைய 80 வீதத்தை நிரப்புகின்றது. அவ்வளவை நான்கிலொன்றாகக் குறைத்தாலும் ஏறக்குறைய 60 வீதம் நிரம்பியே இருக்கும். ஆகவே இருபதிலிருந்து ஐந்துக்கு இறங்குதல் சிறிய மாற்றம். ஐந்திலிருந்து பூச்சியத்துக்கு இறங்குதல் பெரும் வீழ்ச்சி. நோயாளர் தம் அனுபவத்தாற் கூறியது இரசாயனத்தின் கணக்குடன் பொருந்திற்று.

6. இருவகைச் சான்றுகள்

இதுவரை கூறியவற்றால், நோயாளர் கூற்று யாவும் மருந்தைப் பற்றிய நேரடி உண்மை என்று கொள்ளலாகாது. 2024 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியோரில் 31 வீதத்தினரிடம் ஏதேனும் ஓர் அறிகுறி தோன்றியது; வெற்றுக் குளிசையை நிறுத்தியோரிலும் 17 வீதத்தினரிடம் அவ்வாறே தோன்றியது. எதிர்பார்ப்பும் அச்சமும் உடலிற் பேசவல்லன என்பதை இது உணர்த்துகின்றது. கடுமையான அறிகுறிகள் முப்பதில் ஒருவர் அளவிலேயே காணப்பட்டன. ஆனால் கோடிக்கணக்கானோர் உண்ணும் மருந்தில் முப்பதில் ஒருவர் என்பதும் சிறுதொகையன்று.

மறுபுறத்தில், மருந்தின் பயனை மறுப்போரும் சான்றுக்கு முகங்கொடுத்தாக வேண்டும். 522 பரீட்சைகளையும் 116,477 நோயாளரையும் உள்ளடக்கி 2018 இல் வெளிவந்த தொகுப்பாய்வு, ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையைவிடச் சிறந்தன எனக் காட்டிற்று. சராசரி வேறுபாடு பெரிதன்று. அப்பரீட்சைகளிற் பெரும்பாலானவை சில வாரங்களே நடைபெற்றவை. நெடுங்காலம் மருந்துண்டு நலமாயிருந்த 478 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பெற்று 2021 இல் வெளியான பரீட்சையில், மருந்தைத் தொடர்ந்தோரில் 39 வீதத்தினருக்கும் படிப்படியாக நிறுத்தியோரில் 56 வீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் நோய் மீண்டது. இதிலிருந்து மருந்து பலரைக் காக்கின்றது என்பதும் உண்மை. நிறுத்தியோரில் 44 வீதத்தினர் ஓராண்டு நோயின்றிக் கழித்தனர் என்பதும் உண்மை. தான் எப்பிரிவைச் சார்ந்தவர் என்பதைத் தனியொருவருக்கு முன்கூட்டியே கூறச் சராசரியால் இயலாது. அவ்விடத்திலேயே நோயாளியின் சொல் இன்றியமையாததாகின்றது.

7. எமது சொற்களும் எமது பொறுப்பும்

அமிற்றிப்ரிலீன், புளுவொக்செற்றீன் ஆகியன உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. எமது நாட்டு வைத்தியசாலைகளிலும் வழங்கப்படுபவை. எனவே மேற்கூறிய அனுபவங்கள் அந்நியருக்கு மட்டும் உரியனவல்ல. எமது பேச்சுவழக்கில் மனச்சோர்வு பெரும்பாலும் அப்பெயருடன் வருவதில்லை. யோசனை கூடிப்போச்சு என்றும், நெஞ்சு பாரமாய்க் கிடக்குது என்றும், தலை விறைக்குது என்றும் அது பேசப்படுகின்றது. மருந்தோ விசர்க் குளிசை என்னும் பழிச்சொல்லைச் சுமந்து வீட்டுக்கு வருகின்றது. திருமணப் பேச்சுக்கு ஊறாகும் என்று அலுமாரியில் மறைத்து வைக்கப்படுவதும் உண்டு. இரகசியமாக உண்ணப்படுவது இரகசியமாகவே நிறுத்தப்படவும் கூடும். திடீர் நிறுத்தத்தின் ஆபத்தை இம்மறைவு பன்மடங்காக்குகின்றது. மருந்தைக் குறைக்கவோ விடவோ விரும்புவோர் வைத்தியருடன் கலந்து, சிறுகச் சிறுக, போதிய காலம் எடுத்தே அதனைச் செய்தல் வேண்டும்.

தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி என்று ஒரு தாய் கூறும்போது, நேரமின்மை மிக்க ஒரு சிகிச்சை நிலையத்தில் அது தலைச்சுற்று என்னும் ஒரு சொல்லாக எழுதப்படக்கூடும். பிரித்தானியாவில் நிகழ்ந்த அதே இழப்பு இங்கு மொழிபெயர்ப்பென்னும் இரண்டாவது வடிகட்டியினூடாகவும் நிகழ இடமுண்டு. எமது மருத்துவ மாணவரும் சமூகவியல், மொழியியல் மாணவரும் ஒன்றுகூடி ஆற்றத்தக்க பணி இதுவாகும்: மருந்துண்போர் தம் அனுபவத்தைக் கூறும் சொற்களை அவர்கள் கூறியவாறே திரட்டுதல், அவற்றைக் கலைச்சொல்லாக்குமுன் விளங்கிக்கொள்ளுதல்.

சீ வியூவிலிருந்து செறொக்சாற் வரை அரை நூற்றாண்டுக் காலம் கடந்தது. அக்காலம் முழுவதிலும் மருந்து பற்றிய முக்கிய உண்மைகள் பல முதலில் நோயாளர் வாயிலேயே பிறந்தன. அவை சான்றாக ஏற்கப்படுவதற்கு எடுத்த காலமே பலரது துன்பத்தின் காலமாயிற்று. அந்த இடைவெளியைக் குறைப்பது மருத்துவத்தின் கடமை மட்டுமன்று. கேட்கும் பழக்கத்தை வளர்க்கவேண்டிய சமூகம் முழுவதினதும் கடமையாகும்.